கல்யாணம் என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேலை: மதுரைப் பக்கத்துத் தன்பால் இணையருக்கு ஒரு வழிகாட்டி

"நாங்க கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ கேட்டால், அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சாமி முன்னால் சடங்கு நடக்குமா? பத்திர ஆபீசில் பதிவாகுமா? நாளைக்கு ஒருவருக்கு ஒன்று ஆகிவிட்டால் வீடும் நகையும் யாருக்கு, ஆஸ்பத்திரியில் கூட நிற்பது யார்? ஆண்-பெண் கல்யாணத்தில் இந்த மூன்றும் ஒரே முகூர்த்தத்தோடு முடிந்துவிடுவதால் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. தன்பால் இணையர் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

சடங்கைச் செய்ய மறுக்க மதத்துக்கு உரிமை உண்டு. பதிவுக்கு மறுக்க மதத்துக்கு உரிமை இல்லை. ஆனால் சட்டம் இன்னும் இடம் தரவில்லை. மூன்றாவது வேலையான ஆவணங்களுக்கு யாருடைய சம்மதமும் வேண்டாம். வெள்ளைத் தாளும் பேனாவும் இரண்டு சாட்சிகளும் போதும். பலர் முதல் வேலைக்கு அலைந்து, இரண்டாவதில் அடிபட்டு, மூன்றாவதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுவதே நல்லது. இங்கே மட்டும், புரிவதற்காக, பதிவிலிருந்து தொடங்குகிறோம்.

பத்திர ஆபீஸ் மேசை

2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்த தன்பாலினர் மனமொத்து உறவுகொள்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைத் திருத்திப் படித்தது. குற்றமில்லை என்பதற்கும் கல்யாணம் செல்லும் என்பதற்கும் நடுவில் வெகுதூரம் இருக்கிறது. 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, திருமணம் செய்துகொள்ள அடிப்படை உரிமை என்று தனியாக ஒன்று இல்லை, அந்தச் சட்டத்தைச் செய்ய வேண்டியது நாடாளுமன்றம் என்று சொல்லிவிட்டது. மறு ஆய்வு மனுக்களும் 2025 ஜனவரி 9 அன்று தள்ளுபடியாயின. மதம் பார்க்காத 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்கூட, ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்று ஆண்-பெண் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஆகவே இரண்டு பெண்களின் திருமணத்தைச் சார்பதிவாளர் பதிய மறுத்தால் அவருடைய சாமி பக்தி அதற்குக் காரணமல்ல, சட்டத்தில் இடமில்லை. அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. 20 ரூபாய்ப் பத்திரத்தில் "இன்று முதல் கணவன் மனைவியாக" என்று எழுதி நோட்டரி முத்திரை குத்தித் தருகிறேன், ஆயிரக்கணக்கில் ஆகும் என்று கோர்ட் வாசலில் யாராவது சொன்னால், அந்தக் காகிதம் திருமணச் சான்று ஆகாது. வங்கியிலோ பாஸ்போர்ட் ஆபீசிலோ நீட்டினால் சங்கடமே மிஞ்சும்.

இருவரில் ஒருவர் திருநங்கை, மற்றவர் ஆண் என்றால் கதை வேறு. இந்த வழி திறந்தது மதுரையில்தான். தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் 2018 அக்டோபர் 31 அன்று ஒரு திருநங்கைக்கும் ஓர் ஆணுக்கும் திருமணம் நடந்தது. நடந்ததாகச் சான்று தரக் கோயில் நிர்வாகம் மறுத்தது, இணைப் பதிவாளர் பதிய மறுத்தார், மாவட்டப் பதிவாளரும் அதையே உறுதி செய்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22 அன்று, இந்து திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்துப் பதிவு செய்ய உத்தரவிட்டார். வழக்கு எண் டபிள்யூ.பி. (எம்.டி.) 4125/2019. இந்த எண்ணைக் கைப்பேசியில் குறித்து வைப்பதைவிடத் தீர்ப்பை அச்செடுத்துக் கையில் கொண்டுபோவது நல்லது. 2023 தீர்ப்பிலும் இந்த உரிமை அப்படியே நிற்கிறது.

இப்படிப்பட்ட இணையர் கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இன்படி திருமண நாளிலிருந்து 90 நாளுக்குள் பதிய வேண்டும்; தாமதக் கட்டணத்தோடு 150 நாள்வரை போகலாம். கோயில் ரசீது தர மறுத்தால் நின்றுவிடாதீர்கள்: அழைப்பிதழ், புகைப்படங்கள், ஊர் கிராம நிர்வாக அலுவலரின் சான்று இவை கைகொடுக்கும். தூத்துக்குடி வழக்கிலும் கோயில் கைவிரித்த இடத்தில் கிராம நிர்வாக அலுவலரின் உறுதிமொழி இருந்தது. இருவரும் வேறு வேறு மதம் என்றால் சிறப்புத் திருமணச் சட்டம்தான். அதில் இருவரில் ஒருவராவது அந்தப் பகுதியில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் பலகையில் 30 நாள் அறிவிப்பு தொங்கும். கல்யாணத்தன்று மூன்று சாட்சிகள் வேண்டும். அந்தப் பலகையைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, முன்கூட்டியே தயாராக இருங்கள். ஆட்சேபம் செல்லுபடியாக வேண்டுமென்றால் ஏற்கெனவே திருமணமானவர், வயது போதாது, மனநிலை, விலக்கப்பட்ட உறவுமுறை இப்படிச் சட்டம் சொல்லும் காரணம் இருக்க வேண்டும். "எங்கள் மதத்துக்கு ஆகாது" என்பது காரணமே அல்ல.

அதிகாரி "எனக்கு மனசு ஒப்பவில்லை" என்று வாயால் சொல்லி அனுப்பினால், அப்படி ஒரு மறுப்பு நடந்ததாகவே கணக்கில்லை. மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் மறுத்தால்தான் மேல்முறையீட்டுக்கும், உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவுக்கும் பிடிமானம். மதக் கொள்கையைச் சொல்லி வேலையிலிருந்து விலகிக்கொள்ள நம்மூர்ப் பதிவு அதிகாரிகளுக்குச் சட்டத்தில் விதிவிலக்கு கிடையாது. தன்பால் திருமணம் சட்டமாகிவிட்ட அமெரிக்காவிலேயே, 2015இல் கென்டக்கி மாநிலத்தில் உரிமம் தர மறுத்த ஒரு கவுன்டி எழுத்தர் ஐந்து நாள் சிறையில் இருக்க நேர்ந்தது.

சாமி முன்னால்

அரசமைப்பின் 25ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் மனச்சாட்சி உரிமையும் வழிபாட்டு உரிமையும் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்குக் கட்டுப்பட்டுத்தான் அதுவும். 26ஆம் பிரிவு மதப் பிரிவுகள் தங்கள் மத விஷயங்களைத் தாங்களே நடத்திக்கொள்ள விடுகிறது. இதன் நடைமுறைப் பொருள்: பங்குத்தந்தையையோ, காஜியாரையோ, அர்ச்சகரையோ "எங்களுக்குக் கட்டி வையுங்கள்" என்று கட்டாயப்படுத்த முடியாது. தன்பால் திருமணத்தைச் சட்டமாக்கிய இங்கிலாந்திலும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், விரும்பாத மத அமைப்பு நடத்தத் தேவையில்லை என்றே எழுதிவைத்திருக்கிறது. "இந்தச் சட்டம் வந்தால் கோயிலில் கட்டாயமாகத் தாலி கட்ட வைப்பார்கள்" என்று பயம் காட்டுகிறவர்களுக்கும் இதுவே பதில்.

கோயிலுக்குள் போவதும், கோயிலில் சடங்கு நடப்பதும் ஒன்றல்ல. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர், அதுவரை உள்ளே விடப்படாத சாதியினரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோதும் ஆகமம், வழக்கம் என்ற வாதம்தான் எழுந்தது. அன்றைய அரசு சட்டம் போட்டுக் காக்க வேண்டியிருந்தது. அந்த நுழைவு இன்று 25ஆம் பிரிவுக்குள்ளேயே உரிமையாக இருக்கிறது. யாரோடு போகிறீர்கள் என்பதை வைத்து இந்துவான உங்களைத் தரிசன வரிசையிலிருந்து யாரும் விலக்க முடியாது. முகூர்த்தம் வைத்து மாலை மாற்ற வேண்டும் என்று கேட்டால் அங்கே மறுப்பு வரும், அதை வழக்காக்கினாலும் இன்றைய நிலையில் நிற்காது.

நடக்கக்கூடியதைச் செய்யுங்கள். அர்ச்சனைச் சீட்டு வாங்கி அர்ச்சகரிடம் இரண்டு பெயர், இரண்டு நட்சத்திரம் சொல்லுங்கள். என்ன உறவு என்று அவர் கேட்கப்போவதில்லை. இரண்டு பெயரையும் அம்மன் காதில் போட்டுவிட்டு ஒரே தட்டில் குங்குமம் தருவார். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் கைப்பேசிக்குத் தடை இருப்பதால் படம் எடுக்கும் ஆசையை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக் குலசாமி கோயிலில் பூசாரியும் பங்காளிகளும் ஒத்துக்கொண்டால் பொங்கல் வைத்து மாலை போட்டுக்கொள்ளலாம், அதற்குச் சட்டத்தில் தடையில்லை. பங்காளிகள் ஒத்துக்கொள்வதுதான் கடினம். ஒருவர் தலையாட்டினார் என்று நம்பிப் போகாதீர்கள், பூசை முறைக்காரர் யாரோ அவரிடம் நேராகப் பேசுங்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில், ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து நடக்கும் திருமணம் இல்லை என்பது உறுதி. 2023 டிசம்பர் 18 அன்று வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, திருமணச் சடங்கு போலத் தோன்றாத எளிய ஆசியை மட்டும் குருக்கள் விரும்பினால் தரலாம் என்கிறது. கேட்பதானால் பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, மாலையும் மோதிரமும் இல்லாமல் கேளுங்கள். ஜமாத்தில் நிக்காஹ் புத்தகத்தில் பெயர் ஏறாது. அதற்கு முயல்வது வீட்டுக்குச் செய்தி போவதில்தான் முடியும்.

பூசாரியும் வேண்டாம், புரோகிதரும் வேண்டாம் என்கிறவர்களுக்கு இந்த மண்ணிலேயே முன்னோடி உண்டு. 1928இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அதற்குப் பிறகு சுமார் நாற்பது வருடம் அத்தகைய திருமணங்களுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 1950களில் உயர் நீதிமன்றமே செல்லாது என்றது. 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த திருத்தம்தான், இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவாக, பழைய திருமணங்களையும் சேர்த்துச் செல்லும் என்றாக்கியது. அதுவரை அந்தக் குடும்பங்கள் சொத்துத் தகராறில் பத்திரங்களையே நம்ப வேண்டியிருந்தது. 7-ஏ இன்றும் "மனைவியாக, கணவனாக" என்ற சொற்களால் ஆனது, தன்பால் இணையருக்குப் பொருந்தாது. ஆனால் நண்பர்கள் முன்னால் மாலை மாற்றி உறுதி சொல்லிக்கொள்வதை அது தடுப்பதும் இல்லை.

மண்டபம், பத்திரிகை, போட்டோ

தன்பால் திருமணத்துக்கு வேலை செய்ய மாட்டேன் என்ற கேக் கடைக்காரர் வழக்கு, இணையதளம் வடிவமைப்பவர் வழக்கு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 2018இலும் 2023இலும் நடந்தவற்றை நம்மூர் மண்டபத்துக்குப் பொருத்திப் பேசாதீர்கள். பாலீர்ப்பைக் காரணம் காட்டித் தனியார் கடைக்காரர் வாடிக்கையாளரை மறுக்கக் கூடாது என்று சில அமெரிக்க மாநிலங்களில் இருப்பது போன்ற சட்டம் இங்கே இல்லை. முதலிலேயே மறுத்தால் அடுத்த மண்டபம் பார்க்க வேண்டியதுதான்.

அட்வான்ஸ் வாங்கிய பிறகு மறுத்தால் அது வேறு: ஒப்பந்தத்தை மீறியதும் சேவைக் குறைபாடும் ஆகும், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்கு ரசீது உண்மையைச் சொல்ல வேண்டும். "பிறந்தநாள்" என்று சொல்லி மண்டபம் பிடித்துவிட்டு அன்று இரண்டு மணமாலையோடு நின்றால், பொய் சொல்லிப் பிடித்தார்கள் என்று உரிமையாளர் தப்பித்துவிடுவார். "இணையேற்பு விழா, இருவரும் பெண்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒருவரி எழுதி, சம்மதம் வந்த பிறகு பணம் கட்டுங்கள். பத்திரிகை அச்சகத்திலும் மாதிரிப் பிரதியில் அவர் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அர்ச்சகரோ போதகரோ மண்டபக்காரரோ, "எங்களால் முடியாது" என்று சொல்வதோடு உங்கள் உரிமை முடிந்தது. அவர்கள் வீட்டு எண்ணைத் தேடிப் பெற்றோருக்குப் போன் போடுவதும், ஆள் சேர்த்துச் சத்தம் போடுவதும் மத உரிமைக்குள் வராது. வெளியே அடி விழுந்தால் அந்தப் போன்தான் விசாரணையில் முதலில் வரும்.

பத்திரங்கள்: முதலில் செய்ய வேண்டியது

கல்யாணமாகாத இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் சொத்து முதலில் தாய்க்கு. பெண் இறந்தால் தாய்க்கும் தந்தைக்கும். பத்து வருடம் கூட வாழ்ந்தவர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆகவே முதல் காகிதம் உயில்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். தமிழிலேயே எழுதலாம். கவனம் வேண்டியது, துணையை எப்படிக் குறிப்பிடுகிறோம் என்பதில். "என் மனைவி" என்று எழுதினால், மனைவியே இல்லையே என்று வழக்குப் போட உறவினருக்கு ஒரு கொக்கி கிடைக்கும். "இன்னாரின் மகள், இந்த முகவரியில் என்னோடு வசிக்கும் இன்னார்" என்று ஆளை அடையாளம் காட்டி எழுதுங்கள், உறவுப் பெயரே வேண்டாம். நிலத்துக்கு சர்வே எண், பட்டா எண், நான்கெல்லை. பணத்துக்கு வங்கிக் கிளையும் கணக்கு எண்ணும். நகைக்குப் பவுன் கணக்கு. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. இரண்டு சாட்சிகள் நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, உங்கள் முன்னால் அவர்களும் போட வேண்டும். துணையைச் சாட்சியாக்காதீர்கள். சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக இருக்கட்டும்: நாளைக்கு உயிலை நிரூபிக்க அவர்களில் ஒருவராவது கோர்ட்டுக்கு வர வேண்டும். ஒருவர் டாக்டராக இருந்தால் "சுயநினைவு இல்லாமல் எழுதினார்" என்ற வழக்கமான வாதம் அங்கேயே படுத்துவிடும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளரிடம் பதிந்துவிடுங்கள். கல்யாணத்தைப் பதியாத அதே மேசை இந்த உயிலைப் பதியும்.

பெற்றோருக்கு ஒரு பங்கு எழுதி வைப்பது நல்லது. ஒன்றுமே இல்லாதவர்தான் வழக்குப் போடுவார். மதம் இங்கேயும் வருகிறது: முஸ்லிம் ஒருவர் வாரிசுகள் சம்மதமில்லாமல் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் தன் பங்கை மட்டும் எழுதலாம்.

உயிருடன் இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடலாமே என்றால், செலவைப் பாருங்கள். குடும்பத்தாருக்கு எழுதும் செட்டில்மென்ட்டுக்குரிய முத்திரைத்தாள் சலுகை துணைக்குக் கிடையாது. உறவினர் அல்லாதவரிடமிருந்து ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் வாங்கியவருக்கு வருமான வரியும் உண்டு. உயிலின் வழியாக வந்தால் அந்த வரி இல்லை. புதிதாக வீடு வாங்குவதானால் கிரயப் பத்திரத்திலேயே இருவர் பெயரும், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதும் இருக்கட்டும். வாடகை ஒப்பந்தத்திலும் இருவர் பெயர் வேண்டும். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் மற்றவர் அடுத்த மாதமே தெருவில் நிற்க நேரலாம். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தாலொழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்ட் 28 அன்று மத்திய நிதி அமைச்சகம் தெளிவாக்கியது. கிளையில் தயங்கினால் அந்த அறிவிப்பின் நகலைக் காட்டுங்கள். 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' முறையைத் தேர்ந்தெடுங்கள். ரேஷன் அட்டையிலும் ஒரே குடும்பமாகச் சேர்க்கலாம் என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

நாமினி என்றாலே சொந்தக்காரர் என்று நினைப்பதுதான் இங்கே பெரிய தவறு. இன்சூரன்சில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியானால் பணம் அவர்களுக்கே சொந்தம். மற்றவர்கள் வாங்கி வாரிசிடம் ஒப்படைக்க வேண்டிய கைகள். பாலிசி எண்ணை உயிலிலும் எழுதினால்தான் பணம் துணைக்குத் தங்கும். பி.எஃப். இன்னும் கறார்: உங்களை நம்பியிருக்கும் பெற்றோர் இருக்கும்போது வெளியாள் பெயரைப் போட்டால் அந்த நியமனம் செல்லாது.

ஆஸ்பத்திரிக்கு வருவோம். நினைவோடு இருக்கும், வயது வந்த ஒருவரின் ஆபரேஷனுக்கு அவர் சம்மதமே போதும். ஆனாலும் "அட்டெண்டர் யாரு, என்ன உறவு?" என்ற கேள்வி பெரியாஸ்பத்திரியிலும் தனியாரிலும் வரும். பவர் பத்திரம் எழுதி வைத்திருக்கிறோம் என்று தைரியமாக இருக்காதீர்கள். எழுதியவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவரும் செத்துவிடும், தேவைப்படும் நேரத்தில்தான் அது உதவாது. மனநலச் சிகிச்சைக்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு உதவும்: வெள்ளைத் தாளில் கையெழுத்திட்டு யாரையும் பிரதிநிதியாக நியமிக்கலாம். இறுதிக் கட்டச் சிகிச்சைக்கு, எது வேண்டும் எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் மருத்துவ உயில்: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எளிதாக்கிய முறை இது.

ஈமக்கிரியை விருப்பத்தைச் சொத்து உயிலுக்குள் எழுதாதீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்துதான் உயிலைப் பிரிப்பார்கள். கொள்ளி வைப்பதோ மறுநாள் மாலைக்குள் முடிந்துவிடும். எரிப்பதா, புதைப்பதா, எந்த முறைப்படி, யார் கையால் என்று தனித் தாளில் எழுதி, துணையிடம் ஒன்று, குடும்பத்தில் நியாயம் பேசக்கூடிய ஒருவரிடம் ஒன்று கொடுத்து வையுங்கள். அந்தத் தாள் சட்டப்படி கட்டுப்படுத்தாது, ஆனால் தத்தனேரி மயானத்தில் சடலத்தை வைத்துக்கொண்டு நடக்கும் பேச்சில் கையெழுத்துள்ள ஒரு தாளுக்கு எடை உண்டு. கல்லறைத் தோட்டம் பங்கு ஆலயத்தின் கையில் இருந்தால் இடம் மறுக்கப்படலாம், மாநகராட்சி மயானத்தில் அந்தக் கேள்வி எழாது.

'குடும்ப இணைப்புப் பத்திரம்' என்று ஒன்றைச் சட்டமாக்கலாமே என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அரசுக்கு யோசனை சொன்னது. யோசனை சட்டமல்ல. அந்தப் பெயரில் யாராவது பத்திரம் விற்றால் வாங்காதீர்கள்.

வீட்டில் புகார் கொடுத்துவிட்டால்

மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்களின் வழக்கில்தான் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழிமுறைகள் வகுத்தார். காணவில்லை என்று புகார் வந்து, விசாரித்தால் இருவரும் வயது வந்தவர்கள், மனமொத்துப் போனவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொல்லை கொடுக்காமல் புகாரை முடித்துவிட வேண்டும். 2022இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டது. பால்புதுமையினரையும் (தன்பாலினர், திருநர் உள்ளிட்டோர்) அவர்களுக்காக வேலை செய்கிறவர்களையும் துன்புறுத்துவது நடத்தை மீறல்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஆதார், மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்று எல்லாவற்றின் மூலப் பிரதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். வயதை நிரூபிக்கும் காகிதம் வீட்டுப் பீரோவில் இருந்தால் ஸ்டேஷனில் பேச்சு வேறு மாதிரி போகும். நகையை எடுக்காதீர்கள், அது திருட்டுப் புகாராகத் திரும்பும். "நான் மேஜர், என் விருப்பப்படி போகிறேன், யாரும் கடத்தவில்லை" என்று கையெழுத்திட்டு, உங்கள் பகுதி காவல் நிலையத்துக்கும் காவல் ஆணையர் அல்லது எஸ்.பி. அலுவலகத்துக்கும் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். ஸ்டேஷனுக்கு அழைத்தால் தனியாகப் போகாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181.

துணையை வீட்டில் அடைத்து வைத்திருந்தால் ஆட்கொணர்வு மனு: அவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்பது. மதுரை மாவட்டத்துக்கு ஒத்தக்கடைப் பக்கத்து உயர் நீதிமன்றக் கிளைதான். மனுப் போட நீங்கள் ரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. 2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் விசாரித்த வழக்கில் மனுதாரர் தன்னைத் தோழி என்று மட்டுமே குறிப்பிட்டிருந்தார். 25 வயதுப் பெண்ணிடம் நீதிபதிகள் நேரில் கேட்டு, அவர் விரும்பியபடி போக விட்டார்கள். குடும்பம் அமைத்துக்கொள்ளத் திருமணம் மட்டுமே வழியல்ல என்றும் அந்த உத்தரவில் எழுதினார்கள். வேப்பிலை அடிக்கவோ ஜெபம் செய்து மாற்றவோ கூட்டிப்போகிறார்கள் என்றால் மனுவில் இடத்தையும் தேதியையும் குறிப்பிடுங்கள். டாக்டர் ஒருவர் "மாற்றிவிடுகிறேன்" என்று சிகிச்சை தந்தால் அது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022லேயே அறிவித்துவிட்டது.

எல்லாக் காகிதங்களையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, அதில் ஒரு செட் நகலை இருவரும் வசிக்காத வேறொரு வீட்டில் வையுங்கள். மருத்துவ உயிலின் நகலை மட்டும் பீரோவில் பூட்டாமல் பர்சிலோ வண்டிப் பெட்டியிலோ வைத்திருங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பீரோச் சாவி தேட நேரமிருக்காது.